பூச்சி மேல் போட்ட பழி

அந்த ஏப்ரலில் ஏரிப்பூச்சி வந்தபோது, ஏரிக்கரை ஊரான கிசுமுவில் ஐஸ் சங்கத்துக் காவலாளி மகாக் ஒரே ஒரு கொட்டாவி விட்டார். வாய்க்குள் போன பூச்சியிலேயே மதியம்வரை அவருக்குப் பசிக்கவில்லை. இதைப் பெரிதுபடுத்திச் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு நாள் பசிக்கவில்லை என்பார்கள். அதெல்லாம் மிகை. மதியம்வரைதான்.

பூச்சி ஏரியிலிருந்து கறுப்புப் புகைத்தூண் மாதிரி எழுந்து வரும். அன்றைக்கு வந்தது எவ்வளவு கனம் என்றால், மோட்டார் சைக்கிளில் போன ஒருவன் வண்டியை அதன்மேல் சாய்த்து நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய் வெற்றிலைப் பெட்டி அளவு சோப்பு வாங்கி வந்தான். வண்டி விழவில்லை. இத்தனை செய்த பூச்சி, ஐஸ் சங்கத்தின் சர்வருக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. உலகத்தில் இது தெரிந்தவன் ஒருவன்தான். அவன் பேர் ஒசேவே. அந்த சர்வருக்குப் பொறுப்பாளி.

சங்கத்தின் வேலை சுலபம். ஏரியில் மீன் பிடிக்கிற படகுகள் கரை சேருமுன்னே போனிலிருந்து ஒரு செய்தி தட்டும்: இந்தப் படகு, இந்தக் கரை, இத்தனை மூட்டை ஐஸ். சர்வர் அதை வாங்கி, எந்த லாரி போகவேண்டும் என்று சொல்லும். லாரி போகும். மீன் பிழைக்கும்; அதாவது, செத்த மீன் நன்றாகச் செத்தபடியே இருக்கும். இதில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒரு வரி எழுதும். யார் கேட்டார், யார் கொடுத்தார், எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்பியது. காவலாளி சுற்றிவந்து சுவரில் இருக்கிற பொத்தானைத் தொட்டால்கூட ஒரு வரி.

அந்த வரிகளை அப்படியே விட்டுவைத்தால் ஓட்டைப் படகில் தண்ணீர் ஏறுவதுபோல் ஏறி, ஒரு மாதத்தில் இயந்திரத்தை மூழ்கடித்துவிடும். அதற்கு ஒசேவே ஒரு வழி செய்திருந்தான். சர்வரின் வாயில் ஒரு குழாயை மாட்டினான். கையால் தொடக்கூடிய குழாய் இல்லை, இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிற குழாய். சர்வர் வரிகளை இந்த முனையில் ஊற்றும். அந்த முனையில் ஒசேவே எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று சட்டியோடு உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிடிப்பான் என்று பேர் வைத்திருந்தான். பிடிப்பான் வரிகளைப் பிடித்து, நாளுக்கொரு கோப்பாக வெட்டி, தேதி போட்டு அடுக்கும். பதினான்கு நாள் வைத்திருக்கும். பதினைந்தாம் நாள் பழசைத் தூக்கி எறிந்துவிடும். இத்தனைக்கும் சர்வரை ஒரு நொடிகூட நிறுத்தவேண்டியதில்லை. நாள் மாறுவது காலை ஆறு மணிக்கு. பொழுது விடியாமல் நாள் எப்படி மாறும்?

நல்ல வேலை. யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் ஒசேவேக்குப் பிரச்சினை. யாரும் குறை சொல்லாத வேலையை யாரும் புகழ்வதும் இல்லை.

அந்தப் பக்கத்து மனிதர்களுக்குப் புகழ்ச்சி என்பது உப்பு மாதிரி. கல்யாணத்தில், விருந்தில், பிடில் வாசிக்கும்போது, யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு பணநோட்டை நீட்டி "நிறுத்து!" என்று சொல்லலாம். வில் நிற்கும். நிறுத்தியவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வான். எவ்வளவு பெரிய புளுகோ அவ்வளவு பெரிய கைதட்டல். பிறகு பிடில்காரர் அந்த வார்த்தைகளையே நரம்பில் வைத்துத் திருப்பி வாசிப்பார். ஒசேவே இதில் கெட்டிக்காரன். ஆனால் கல்யாணம் தினமும் நடப்பதில்லையே. அதனால் பிடிப்பானுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தான். தினமும் புதுக் கோப்பைத் தொடங்கும்போது, அதன் தலையில் ஒசேவேயின் புகழை ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதும். அந்தக் கோப்பைப் படிக்கிற ஆள் உலகத்தில் ஒசேவே ஒருவன்தான். ஆனாலும் தினமும் காலையில் படித்துவிட்டு, "அப்படியா!" என்று மகிழ்வான்.

பூச்சி வந்ததற்கு முந்தின புதன்கிழமை ஒரு கல்யாணத்தில் அவன் மச்சினன் எழுந்து, "நான் நடந்தா என் நிழலே முன்னாடி ஓடி வழி விலக்கும்" என்று ஒரு போடு போட்டான். கூட்டம் கூரையைப் பிய்த்தது. ஒசேவேக்கு நான்கு நாள் தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் சர்வர் அறைக்குப் போய், தன் புகழ்வரியை மாற்றி எழுத உட்கார்ந்தான்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. ஆறு மணிக்குப் பிடிப்பான் புதுக் கோப்பைத் தொடங்கும். புகழ் பாதியில் இருக்கும்போது தொடங்கிவிட்டால்? அரைப்புகழோடு ஒரு முழுநாள் கிடப்பதா? பிடிப்பானைக் கொல்லக்கூடாது, பிடிக்கிறவன் செத்தால் ஊற்றுகிற சர்வரும் சேர்ந்து சாகும். ஆனால் தூங்கவைக்கலாம். தூங்கினால் சர்வர் குழாயில் ஊற்றிக்கொண்டே இருக்கும். குழாய் அறுபத்தைந்தாயிரம் எழுத்து கொள்ளும். சாதாரண நாளில் அது கால் மணி நேரத்துக்குப் போதும். ஒரு வரி புகழ் எழுதக் கால் மணி நேரம் எதற்கு? தூங்கவைத்தான். எழுதத் தொடங்கினான்.

"நான் ஒசேவே, உயோமா மண்ணின் மகன். ஏரி என்னைக் கண்டால்"

என்ன செய்யும்? அங்கே நின்றுவிட்டது. எழுந்து நிற்கும் என்றால் பழசு. ஒதுங்கும் என்றால் மச்சினனின் நிழல் ஏற்கெனவே ஒதுங்கிவிட்டது. யோசனை வருவதற்கு டீ வேண்டும். எதிர்ப்பக்கம், டீயும் மண்டாசி என்கிற இனிப்புப் போண்டாவும் விற்கிற பெரிலின் அம்மா கடை. போனான்.

"அக்கா, ஒரு டீ, ஒரு மண்டாசி. ஒரு சந்தேகம். ஏரி ஒருத்தனைக் கண்டா என்ன செய்யும்?"

"முழுங்கும்."

"அது இல்லக்கா. கொஞ்சம் பெருமையா."

"பெருமையா முழுங்கும். மண்டாசியைத் தின்னு, ஆறிப்போகுது."

அது நிலா இல்லாத நாள். இருட்டு நாளில்தான் படகுகள் அதிகம் போகும், அதிகம் பிடிக்கும். இதை ஏரிக்கரை உயோமாவில் பிறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஒசேவே மறந்தான். கால் மணி நேரத்துக்கு வரவேண்டிய குழாய் நான்கு நிமிஷத்தில் நிரம்பியது. அடுத்த எழுத்தை ஊற்ற இடமில்லாமல், சர்வர் வாயில் பாதி வரியோடு அப்படியே நின்றது. வரி எழுதாமல் அது அடுத்த வேலைக்குப் போகாது. அப்படித்தான் அதை வைத்திருந்தார்கள்.

போன்கள் அலறின. ஒசேவே ஓடிவந்தான். மின்சாரத்தைப் பார்த்தான். ஜெனரேட்டரைப் பார்த்தான். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஊதிச் செருகினான். போன் கம்பெனியைக் கூப்பிட்டு, அங்கே எடுத்த பெண்ணை அவள் பாட்டன்வரைக்கும் இழுத்துத் திட்டினான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான், தன் பிடிப்பானை மட்டும் பார்க்கவில்லை. ஊரில் திருட்டு நடந்தால் எந்தத் தகப்பன் முதலில் தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் தேடுவான்?

பதினொரு மணிக்குத் தோற்றுப்போய் நாற்காலியில் விழுந்தபோதுதான், திரையின் மூலையில் அந்தப் பாதி வரி கண்ணில் பட்டது. "ஏரி என்னைக் கண்டால்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கி மினுக்கிக் காத்திருந்தது. பிடிப்பானைத் தூங்கவைத்தது ஒசேவேக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எழுப்பு என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டினான். பிடிப்பான் விழித்தது. ஐந்து மணி நேரம் அடைத்திருந்தது ஒரே மூச்சில் ஓடியது.

அதற்குள் பதினேழு கரைகளில் பதினோரு டன் மீன் அழுகிவிட்டது. நாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கிசுமு குப்பைமேட்டில் குடியிருக்கிற மராபு நாரைகள் வந்து பார்த்தன. பிறந்ததிலிருந்து நாற்றத்தைத் தவிர வேறு எதையும் முகராத பறவைகள். பார்த்துவிட்டு, இறக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தே திரும்பிப் போயின. பறந்தால் மூக்கைப் பொத்த முடியாதல்லவா?

மேலாளர் அபொண்டி வந்து வாசலில் நின்றார். "என்ன ஆச்சு, ஒசேவே?"

ஒசேவே தரையைப் பார்த்தான். ஜன்னலுக்குக் கீழே ஒரு கைப்பிடி செத்த பூச்சி கிடந்தது. விடியற்காலையில் அவனே கதவைத் திறந்தபோது அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தவை. "என் பெருமையை எழுதப் போனேன், மேடம்" என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"பூச்சி, மேடம்."

"பூச்சியா?"

"மெசினுக்குள்ள பூந்துருச்சு. காத்தாடில மாட்டி, சூடாகி, நின்னுபோச்சு. ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டேன். அதான் நேரமாச்சு."

"எப்படி உள்ள வந்துச்சு?"

ஒசேவே யார் பேரையும் சொல்லவில்லை. பின்னாட்களில் அவன் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது இதைத்தான்: நான் பேர் சொல்லலை. அவன் செய்ததெல்லாம் ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பியதுதான். மீதியை மேலாளரே முடித்துக்கொண்டார்.

"மகாக்கைக் கூப்பிடுங்க."

மகாக் வந்தார். ஐம்பத்தைந்து வயது. இடுப்பில் டார்ச்சும் விசிலும். முந்தின இரவுக்காவல் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், மீன்காரர்களின் கூச்சலைச் சமாளித்துக்கொண்டிருந்த மனிதர்.

"மேடம், அஞ்சரைக்கு நான் ஜன்னலைச் சாத்திட்டுப் பொத்தானைத் தொட்டேன். மெசின்ல எழுதியிருக்கும். ஒசேவே தம்பியைக் கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். ஒரு பொய்க்கு இரண்டு கால் வேண்டும், ஒற்றைக் காலில் நிற்காது. ஒசேவே இரண்டாவது காலையும் செய்து கொடுத்தான்.

"பூச்சி மாட்டினப்ப... அந்தப் பதிவும் போயிருச்சு, அண்ணே."

மகாக் அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம். கவலையோடு பார்த்தார்.

"மெசினுக்கே மறதி வந்துருச்சா? சரி, தம்பி. பாவம், நீ என்ன செய்வ."

டார்ச்சையும் விசிலையும் மேசைமேல் வைத்துவிட்டு, தன் ஒற்றை நரம்புப் பிடிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். காவல் இல்லாத நேரத்தில் விருந்துகளில் வாசிக்கிறவர் அவர்.

பதிவு எங்கேயும் போகவில்லை. அன்று மத்தியானமே ஒசேவே கோப்பைத் திறந்து பார்த்தான். கடைசிப் பக்கத்தில் கல்வெட்டு மாதிரி இருந்தது.

"5.30. மகாக். சர்வர் அறை ஜன்னல். மூடியிருந்தது."

அதற்குக் கொஞ்சம் கீழே: "5.55. பிடிப்பான் தூங்கப் போகிறது. தூங்கவைத்தவர் ஒசேவே." தூங்குமுன் யார் தூங்கவைத்தது என்று எழுதிவைக்கும் நல்ல பழக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தவனும் அவனேதான்.

கோப்பை அழிக்க விரல் மூன்று முறை போனது. மூன்று முறையும் திரும்பி வந்தது. வேறு இடத்தில் பத்திரப்படுத்தவும் விரல் போனது. அதுவும் திரும்பி வந்தது. ஏனென்றால் எதுவும் செய்யவேண்டிய அவசியமே இல்லை. பதினான்கு நாள் போனால் பிடிப்பானே அதைத் தூக்கி எறிந்துவிடும். தானாக விழப்போகிற பழத்துக்கு எதற்குக் கல்லெறிய வேண்டும்? இப்படி நினைத்ததுதான் அவனுக்கு எல்லாவற்றிலும் அதிக வெட்கமாக இருந்தது. கல்லெறிகிறவனுக்காவது கை வலிக்கும்.

அந்தப் பதினான்கு நாளில் பொய் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. ஒசேவே அதற்கு ஒரு பருக்கைகூடப் போடவில்லை, ஊரார் போட்டார்கள். முதல் வாரத்தில் பூச்சி புறா அளவு இருந்தது. இரண்டாம் வாரத்தில் ஒன்று மட்டும் கோழி அளவு இருந்ததாகவும், ஒசேவே அதை நாற்காலியால் அடித்ததாகவும், அது திருப்பி அடித்ததாகவும் பேச்சு. பக்கத்து அலுவலகங்கள் மூன்று, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தன. அதில் ஒரு அலுவலகத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் ஆலோசனை கேட்டு வந்தார். ஒசேவே படம் போட்டு விளக்கினான். கண்ணி எவ்வளவு சின்னதாக இருக்கவேண்டும் என்பதுவரை சொன்னான். சொல்லும்போது காது மட்டும் அடுப்புமாதிரி சுட்டது.

சட்டையில் அழுகல் நாற்றம் போகவில்லை. அவன் மனைவி ஒன்பது முறை துவைத்தாள். ஒன்பதாவது முறை சோப்பே வாளியிலிருந்து வெளியே குதித்தது. "எனக்கு ஒரு நாத்தமும் தெரியலை. உனக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?" என்றாள். அவன் சட்டையை மறுபடி வாளியில் போட்டான். உகாலிக் களியை உருட்டி வாய்வரை கொண்டுபோவான், தொண்டைக்குள் இறங்காது. நிரம்பின குழாய்.

மகாக்குக்கு வேறு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கின காவலாளியை யார் வைத்துக்கொள்வார்கள்? மீன்காரர்கள் அவருக்கு ஜன்னல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். "என்ன ஜன்னல், காத்து நல்லா வருதா?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். ஒசேவே எதிரே வரும்போதெல்லாம், "தம்பி, மெசினு இப்ப நல்லாருக்கா?" என்று விசாரிப்பார். அவர் விசாரித்தாலும் விசாரிக்காவிட்டாலும் தினமும் ஒசேவே அந்தக் கோப்பைத் திறந்து அந்த வரியைப் படித்தான். அது தன்னைப் படிப்பது போலிருந்தது.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோப்பு போய்விடும். சனிக்கிழமை மத்தியானம் சங்கத்தின் ஆண்டு விழா. முற்றத்தில் பந்தல் போட்டு, மீன் பொரித்து, சோடாப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மேலாளர் அபொண்டி ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசினார்.

"பூச்சிகிட்டேர்ந்து நம்ம சங்கத்தைக் காப்பாத்தினவரு ஒசேவே. அவருக்குச் சங்கத்து சார்பா ஒரு சேவல்!"

சிவந்த கொண்டையோடு உயிருள்ள சேவல். ஒசேவே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சேவல் அவன் முகத்தை மிக அருகிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது.

அப்போதுதான் பிடில் சத்தம் கேட்டது. பந்தலின் ஓரத்தில், கவிழ்த்த சோடாப் பெட்டிமேல் மகாக் உட்கார்ந்திருந்தார்.

"இவரை யார் கூப்பிட்டது?" என்றான் ஒசேவே மேலாளரிடம்.

"நான்தான். பாவம், வேலை போன மனுசன். ஒரு மத்தியானக் கூலியாவது கிடைக்கட்டும்."

மகாக் வாசித்தார். பிடில்காரருக்கு வழக்கம், விருந்தின் நாயகனைப் பாடவேண்டும். பாடினார். உயோமா மண்ணின் மகனே, பூச்சிப் படையை முறித்தவனே, உன் கண் மூடாமல் இருந்ததால் நாங்கள் கண் மூடித் தூங்கினோம் என்று. மனசாரத்தான் பாடினார். படகுக்காரர் ஒடெரோ பின்னாலிருந்து, "நல்லா வாசி, ஜன்னல்! காத்து வரட்டும்!" என்று கத்தினார். பந்தல் சிரித்தது. மகாக்கும் சிரித்தார். வில் ஒரு தடவை மட்டும் நரம்பில் வழுக்கியது.

ஒசேவே எழுந்தான். ஒரு நோட்டை நீட்டினான்.

"நிறுத்துங்க!"

வில் நின்றது. கூட்டம் குதூகலித்தது. "சொல்லு! சொல்லு! யாரு நீ?"

"நான் ஒசேவே. உயோமா மண்ணின் மகன். பதினோரு டன் மீனை ஒரே ஒரு மண்டாசியால அழுக வச்சவன்!"

பந்தல் வெடித்தது. "ஒரே மண்டாசியா! ஐயோ, ஒரே மண்டாசி!" ஒடெரோ சோடாவை மூக்கு வழியாக விட்டார். இப்படி ஒரு புளுகை அந்த ஏரிக்கரை கேட்டதில்லை. மகாக் உடனே அதை நரம்பில் ஏற்றி, பதினோரு டன்னு, ஒரே மண்டாசி என்று வாசித்துவிட்டார். பெண்கள் ஆடவே தொடங்கிவிட்டார்கள்.

ஒசேவே இரண்டாவது நோட்டை நீட்டினான். "நிறுத்துங்க! நான் சொல்றது நிசம். பூச்சி ஒண்ணும் பண்ணலை. செய்யாத பூச்சி மேல பழி போட்டவன் நான்!"

"பூச்சி கேஸு போடும்டா, தம்பி! கோழி சைஸு பூச்சி, வக்கீலோட வரும்!" என்றார் ஒடெரோ. கைதட்டல் நாரைகளைக் கூரையிலிருந்து கிளப்பியது. மச்சினன்கூட எழுந்து நின்று தோல்வியை ஒத்துக்கொண்டு கைகுலுக்கினான். ஒசேவே வாழ்நாளெல்லாம் ஏங்கின கைதட்டல். வந்த நேரத்தில் அது காறித் துப்பியதுபோல் விழுந்தது.

பையில் வேறு நோட்டு இல்லை. நாளைக்கு ஆறு மணிக்குமேல் வரியும் இல்லை. பந்தலைத் தாண்டி மகாக்குக்கு எதிரே போய் மண்ணில் குந்தி, சேவலை நீட்டினான். பிடில்காரரை நிறுத்த அதற்குமுன் யாரும் சேவல் கொடுத்ததில்லை. வில் நின்றது.

இந்த முறை அவன் கத்தவில்லை.

"அண்ணே, அன்னிக்கு அஞ்சரைக்கு நீங்க ஜன்னலைச் சாத்தினீங்க. பொத்தானைத் தொட்டீங்க. மெசின்ல இருக்கு."

மகாக் பிடிலை மடியில் சாய்த்து வைத்தார்.

"இருக்குன்னு எனக்குத் தெரியும். தினமும் திறந்து பார்த்தேன்."

அதில் பெருமை ஒன்றும் இல்லாததால் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசை அமைதியானது, பிறகு அதற்குப் பின்வரிசை.

"தினமுமா?" என்றார் மகாக்.

"பதினாலு நாளும்."

"நான் மெசினைப் பத்தி விசாரிச்ச அன்னைக்கெல்லாமுமா?"

"அன்னைக்கும்."

"ம்" என்றார் மகாக். சேவலை வாங்கி, காலடியில் வைத்தார். அந்த ஒரு "ம்"முக்குப் பதிலாகக் கன்னத்தில் ஓர் அறை கிடைத்திருந்தால் ஒசேவே சந்தோஷப்பட்டிருப்பான்.

மேலாளர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். "வா" என்றார், இரண்டு பேரையும்.

சர்வர் அறைக்குள் மூன்று பேர்தான் போனார்கள். ஆனால் பந்தல் முழுக்க ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று மேலாளரே ஜன்னலைத் திறந்துவிட்டார். திரையைப் பார்த்து, லாரி நம்பர் படிக்கிற குரலில் படித்தார்.

"அஞ்சு முப்பது. மகாக். சர்வர் அறை ஜன்னல். மூடியிருந்தது. அஞ்சு ஐம்பத்தஞ்சு. பிடிப்பான் தூங்கப் போகிறது. தூங்கவைத்தவர் ஒசேவே." திரும்பினார். "எதுக்குத் தூங்கவச்ச?"

ஒசேவே அதற்கு அடுத்த கோப்பைத் திறந்து, தினமும் தன் புகழ் வருகிற இடம் என்று அதன் தலையைக் காட்டினான். அதையும் அதே குரலில் படித்தார்.

"நான் ஒசேவே, உயோமா மண்ணின் மகன். ஏரி என்னைக் கண்டால்..." நிறுத்தினார். "கண்டால்?"

"அதுக்கு மேல இல்ல, மேடம். அதை யோசிக்கத்தான் டீ குடிக்கப் போனேன்."

"இதுக்கா? பதினோரு டன் மீனு, ஒரு மனுசன் வேலை, இதுக்கா?"

"இதுக்குத்தான்."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து பெரிலின் அம்மா, "முழுங்கும்னு அன்னைக்கே சொன்னேனே!" என்றாள்.

இப்போது சிரித்தார்கள். முன்னே சிரித்த சிரிப்பு இல்லை இது. ஒசேவே தலை நிமிரவில்லை. தரையில் இன்னும் இரண்டு செத்த பூச்சிகள் கிடந்தன. அவற்றுக்குக்கூட அவனால் முகம் கொடுக்க முடியவில்லை.

"உன் வேலையைப் பத்தித் திங்கக்கிழமை பேசறேன்" என்றார் மேலாளர். "அதுக்கு முன்னாடி பதினேழு கரைக்கும் நீயே போய், நீயே உன் வாயால சொல்லிட்டு வா. மகாக் அண்ணே, மன்னிச்சிடுங்க. டார்ச்சும் விசிலும் என் மேசையில அப்படியேதான் இருக்கு."

"வரேன், மேடம்" என்றார் மகாக். பிறகு ஒசேவேயிடம், "இந்தக் கோப்பு நாளைக்குக் காலைல போயிருமா?"

"போயிரும், அண்ணே. இப்பவே தனியா எடுத்துப் பத்திரமா வச்சிடறேன்."

"பத்திரமா வச்சா பெட்டிக்குள்ள கிடக்கும். யாரு பார்க்கப் போறா? போறது போகட்டும்." திரையை விரலால் தொட்டார். "தினமும் இந்தத் தலையில உன் புகழு வருமாமே, அந்த எடம். அதுல நான் சொல்ற வரியைப் போடு. போடறப்ப எதையும் தூங்க வைக்காதே."

ஒசேவே விசைகளில் விரல் வைத்துக் காத்திருந்தான். ஊரையே நாற்பது வருஷமாகப் புகழ்ந்து பாடின மனிதர். அவர் வாயில் இல்லாத வசையும் கிடையாது. என்ன சொன்னாலும் எழுதவேண்டியதுதான் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே ஒடெரோ கழுத்தை நீட்டினார்.

மகாக் சொன்னார். நீளமாக ஒன்றும் இல்லை. ஒசேவே எழுதினான்.

பதினேழு கரைகளிலும் போய்ச் சொன்னான். நான்கு கரைகளில் அடித்தார்கள். மற்ற இடங்களில் புளுகு என்று நினைத்துக் கைதட்டினார்கள்; அங்கெல்லாம் மறுபடி மறுபடி சொல்லவேண்டியிருந்தது. அடித்த கரைகள்தான் சுலபமாக இருந்தன. வேலை போகவில்லை, சம்பளம் பாதியானது. சேவலை மகாக் திருப்பிக் கொடுத்துவிட்டார், காலையில் ஆறு மணிக்குத் தம்பிக்கு உதவும் என்று. அது ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கூவுகிறது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. இதை யாரும் நம்புவதில்லை.

ஆறு மணிக்குப் பிடிப்பான் பதினைந்து நாள் பழசைத் தூக்கி எறிந்துவிட்டு, புதுக் கோப்பைத் தொடங்குகிறது. ஒசேவே டீ குடிக்கப் போவதற்கு முன் அதன் தலையைப் படிக்கிறான்.

"ஜன்னல் மூடியிருந்தது."